ஏழாவது வரி

லாரி ஆக்சிடென்ட் சர்வே பண்றதுதான் எனக்கு வேலை. வண்டி அடிபட்டு ரோட்டோரமா நிக்கும், போயி போட்டோ எடுத்து, எது இந்த அடியில போனது எது ஏற்கனவே போயிருந்ததுன்னு பிரிச்சு எழுதணும், அதுல ஒரு வரி முன்னப்பின்ன ஆச்சுன்னா கிளெயிம் தொகையே மாறிப்போகும். அதனால எந்தப் பேப்பர் கைக்கு வந்தாலும் மேலருந்து கீழ வரைக்கும் ஒரு வரி விடாம படிக்கற வியாதி ஒட்டிக்கிச்சு, கல்யாணப் பத்திரிகையக்கூட விடறதில்ல. மாமாவுக்கு நாக்குல ஆபரேஷன் ஆகி பன்னெண்டாவது நாள் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தப்ப வீட்ல எல்லாரும் ‘எத்தனாவது ஸ்டேஜு’ன்னு மட்டும்தான் தேடுனாங்க. நான் வழக்கம்போல மேலருந்து வந்தேன். கட்டி இத்தனை சென்டிமீட்டர், ஆழம் இத்தனை மில்லிமீட்டர், வெட்டின ஓரத்துல கேன்சர் இல்ல, ரத்தக்குழாய்ல இல்ல. ஏழாவது வரி, பெரிநியூரல் இன்வேஷன், சுருக்கமா பி.என்.ஐ. எதிர்ல ‘ப்ரெசென்ட்’.

டாக்டர்கிட்ட கேட்டேன். நல்ல மனுஷன், வெளிய முப்பது பேரு டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தும் ஒரு பேப்பர எடுத்து ஒரு வட்டம் போட்டாரு, அதான் நரம்ப குறுக்க வெட்டினா தெரியற மாதிரி, அதச் சுத்தி புள்ளி புள்ளியா வெச்சாரு. "கேன்சர் செல்லு நரம்பச் சுத்தி ஒட்டிருச்சுங்க, சுத்தளவுல மூணுல ஒரு பங்காவது சுத்திருந்தாலோ, இல்ல நரம்போட உறைக்குள்ளயே நுழைஞ்சிருந்தாலோ நாங்க பி.என்.ஐ.ன்னு எழுதுவோம். கழுத்துல ஒரு நெறிக்கட்டியில அதோட உறையத் தாண்டி வெளியவும் வந்திருக்கு. அதனால வெறும் ஆபரேஷனோட விட முடியாது, கரண்ட் வெக்கணும், கூடவே வாரம் ஒரு மருந்து ஏத்தணும்"னாரு. கரண்ட் வெக்கறதுன்னா ரேடியேஷன், எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தப்பதான் எனக்கு அந்தக் காது வலி ஞாபகம் வந்துச்சு. நாக்கு ஓரத்துல புண்ணுன்னு மாமா சொல்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே இடது காது குத்துதுன்னு சொல்லிட்டு இருந்தாரு. ஒரு டாக்டர் சொட்டு மருந்து குடுத்தாரு, இன்னொருத்தரு அழுக்கு எடுத்து விட்டாரு, ரெண்டு பேருமே வாயத் தொறந்து பாக்கல. காதுல ஒண்ணுமே கிடையாது. நாக்கோட உணர்ச்சியக் கொண்டு போற நரம்பும் காதுக்கு முன்னாடி இருக்கற தோலுக்கு வர்ற நரம்பும் ஒரே அடிமரத்துல பிரிஞ்ச ரெண்டு கிளை, தாடையில இருந்து மண்டை ஓட்டுக்கு அடியில ஒரு ஓட்டை வழியா மேல ஏறுற நரம்பு அது. கீழ் கிளையில நெருப்பு வெச்சா மூளைக்கு மேல் கிளை சுடற மாதிரி தெரியும். வாய்ல புகையில அடக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் காது வலி விடாம இருந்தா, காதுல ஒண்ணும் தெரியலேன்னா, தயவுசெஞ்சு நாக்க வெளிய இழுத்து ஓரத்தையும் அடியையும் பாக்கச் சொல்லுங்க. இத எழுத ஆரம்பிச்சதுக்கு பாதி காரணம் இதான்.

மீதி பாதி அந்த ஏழாவது வரி. கேன்சர் ஏன் நரம்பத் தேடிப் போகுது? என் மனசுல நரம்புன்னா வயர். வயருக்குள்ள எலி பூந்து போற மாதிரி காலி இடத்துல போகுது போலன்னு நெனச்சேன். ரொம்ப காலம் டாக்டருங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நெனச்சிருக்காங்க, நரம்போட உறைக்கு நடுவுல எதிர்ப்பு கம்மி, அந்த வழியா கசியுதுன்னு. இந்த விளக்கம் எனக்கு ஏனோ ஒட்டவே இல்ல, ஏன்னா எங்க தொழில்ல ‘தானா உருண்டு போச்சு சார்’னு சொல்ற வண்டிய நாங்க நம்பறதே கிடையாது, யாராச்சும் ஹேண்ட் பிரேக்க எடுத்து விட்டிருப்பாங்க. ஆறு வாரம் தினம் காலையில அவரக் கூட்டிட்டுப் போயி, முகத்துக்கு அந்த வலை மாதிரி மாஸ்க்கப் போட்டு மேசையோட கிளிப் பண்ணி உள்ள படுக்க வெச்சதும், வெளிய உக்காந்து போன்ல படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் ஷ்வான் செல்லுன்னு ஒண்ணு மாட்டுச்சு.

தியோடர் ஷ்வான் ஜெர்மன்காரரு, 1810ல பொறந்தவரு. செரிமானத்துக்கு வயித்துல ஊறுற பெப்சினக் கண்டுபிடிச்சவரு, 1839ல எல்லா மிருகத்தோட உடம்பும் செல்லாலதான் ஆனதுன்னு புத்தகம் போட்டவரு. நரம்பச் சுத்தி இருக்கற அந்தச் செல்லுக்கு அவரு பேரு நின்னுருச்சு. மூளை, முதுகுத்தண்டு தாண்டி உடம்புல எங்க நரம்பு போனாலும் கூடவே இந்தச் செல்லு போகும். பெரிய நரம்பிழையா இருந்தா ஒரு செல்லு ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குப் பொறுப்பெடுத்துக்கும், தன்னையே இன்சுலேஷன் டேப்பு மாதிரி சுத்தோ சுத்துன்னு சுத்திக்கும், சில இடத்துல நூறு சுத்து வரைக்கும். அடுத்த மில்லிமீட்டருக்கு அடுத்த செல்லு. இந்தச் சுத்து இருக்கற இழையில சேதி செகண்டுக்கு நூறு மீட்டர் வரைக்கும் ஓடும், சுத்து இல்லாத மெல்லிசு இழையில ஒரு மீட்டர் ஓடுனாலே பெருசு. கால் கட்டில்ல இடிச்சதும் மொதல்ல ‘இடிச்சிருச்சு’ன்னு தெரியுது, அப்புறம் மெதுவா ஒரு எரிச்சல் வருது பாருங்க, அது ரெண்டும் வேற வேற இழை. மெல்லிசு இழைகளையும் இந்தச் செல்லு அம்போன்னு விடறதில்ல, நாலஞ்ச சேத்து ஒரே அணைப்புல புடிச்சுக்கும்.

இது வரைக்கும் ஸ்கூல் புத்தகத்துலயே இருக்கும். எனக்குப் புதுசா இருந்தது, நரம்பு அறுந்தா இந்தச் செல்லு என்ன பண்ணுதுங்கறதுதான்.

1850ல லண்டன்ல அகஸ்டஸ் வாலர்னு ஒருத்தரு தவளையோட நாக்குக்குப் போற நரம்ப வெட்டிட்டு தினம் மைக்ராஸ்கோப்புல பாத்திருக்காரு. (நாக்கு! மாஸ்க்குக்குள்ள மாமா படுத்திருக்கறப்ப இதப் படிச்சா எப்படி இருக்கும்.) வெட்டுன எடத்துக்கு அந்தப் பக்கம் நரம்பிழை துண்டு துண்டா ஒடஞ்சு கரைஞ்சு போகுதுன்னு எழுதி வெச்சாரு. இழை செத்துரும், ஆனா ஷ்வான் செல்லு சாகாது. அது பண்ற வேலையப் பாருங்க. இத்தனை நாளு சுத்தி வெச்சிருந்த இன்சுலேஷன தானே பிரிச்சு, தானே தின்னு காலி பண்ணும். பத்தலேன்னா ரத்தத்துல இருந்து துப்புரவு செல்லுங்களக் கூப்புடும். பழைய வேலைய ராஜினாமா பண்ணிட்டு ஆளே மாறி, நீளமா இழுத்துக்கிட்டு ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசை கட்டி நிக்கும், வெட்டுப்பட்ட இழை திரும்ப முளைச்சு வர்றப்ப இந்த வரிசையத் தடவிக்கிட்டே ஊர் போய்ச் சேரணும். வழி மட்டும் இல்ல, சாப்பாடும் குடுக்கும், வளர்ச்சிக்கான புரோட்டீனுங்கள ஊத்தி ஊத்தி. நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளருதுன்னு சொல்வாங்க, மணிக்கட்டுல வெட்டுப்பட்டவருக்கு வெரல் நுனியில உணர்ச்சி திரும்ப ஆறு மாசம் ஆகறது அதனாலதான். இந்த ‘ஆள் மாறுற’ வேலைக்கு செல்லுக்குள்ள ஒரு ஸ்விட்சு இருக்கு, பேரு சி-ஜூன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல கிறிஸ்தியான் ஜெஸ்ஸன், ரோனா மிர்ஸ்கின்னு ரெண்டு பேரு பல வருஷமா இதையே நோண்டி, 2012ல அவங்க குழு எலியில அந்த ஸ்விட்ச ஷ்வான் செல்லுல இருந்து மட்டும் கழட்டிட்டுப் பாத்தாங்க, அடிபட்ட நரம்பு சரியாவே தேறல.

மனுஷ உடம்புல இவ்வளவு நல்லவன் ஒருத்தன் இருக்கானான்னு நெனச்சேன். அடுத்த பக்கத்துலயே அடி.

நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல தலை கழுத்து கேன்சர் ஆபரேஷன் பண்ற சர்ஜன் ரிச்சர்ட் வாங்கோட லேப்ல, சில்வி டெபோர்டுங்கறவங்க 2016ல ஒண்ணு வெளியிட்டாங்க. கேன்சர் செல்லையும் ஷ்வான் செல்லையும் ஒரே தட்டுல வளத்து, விடாம படம் புடிச்சாங்க. கேன்சர் செல்லுங்க பொதுவா கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஷ்வான் செல்லு வந்து தொட்டதும் ஒரு கைய நீட்டும், ரெண்டு கேன்சர் செல்லுக்கு நடுவுல அந்தக் கைய நுழைக்கும், நெம்பும், கூட்டத்துல இருந்து ஒண்ணு கழண்டு வரும், வந்தது ஷ்வான் செல்லு மேலயே தொத்திக்கிட்டு நரம்பப் பாத்துக் கெளம்பும். தொட்டாத்தான் இது நடக்குது, பக்கத்துல சும்மா இருந்தா நடக்கல. தொட்டுக்கறதுக்கு என்கேம்-1னு ஒரு ஒட்டுப் புரோட்டீன் வேணும், அது இல்லாத எலிங்ககிட்ட நரம்புல கேன்சர் ஏறறது கொறஞ்சிருச்சு. 2022ல அதே குழு இன்னும் ஒரு படி போனாங்க. கட்டியில இருக்கற ஷ்வான் செல்லுங்க வரிசை கட்டி, சுரங்கப்பாதை மாதிரி அமைச்சுக் குடுக்குது, கேன்சர் செல்லு அதுக்குள்ள ஊர்ந்து போகுது. இத முடுக்கி விடற ஸ்விட்சு எதுன்னு பாத்தா, அதே சி-ஜூன். அறுந்த நரம்புக்கு ரோடு போட்டுக் குடுக்கற அதே ஆளு, அதே டிரெஸ்ஸு, அதே கருவி.

அன்னிக்கு கரண்ட் வெச்சு முடிச்சு வர்ற வழியில கார்ல மாமாகிட்ட இதச் சொன்னேன். அவருக்கு அப்ப வாயெல்லாம் புண்ணு, பேச்சு கொழகொழன்னுதான் வரும், இருந்தாலும் பேசாம இருக்க மாட்டாரு. மாமா முப்பது வருஷமா பைபாஸ்ல ரெக்கவரி வண்டி வெச்சிருந்தவரு. நடு ராத்திரி போன் வந்தாலும் லுங்கியோட கெளம்பிருவாரு. ஒரு தடவை ராசிபுரம் தாண்டி ஒரு லாரி நிக்குதுன்னு கூப்பிட்டாங்க, போயிப் பாத்தா கியர்பாக்ஸ் போச்சு, டிரைவரு பாவம் மாதிரி அழுதான்னு கொக்கி மாட்டி முப்பது கிலோமீட்டர் இழுத்துட்டுப் போயி அவன் சொன்ன எடத்துல விட்டுட்டு வந்துட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு போலீஸ் வீட்டுக்கு வந்துச்சு. அது திருட்டு லோடு.

"அப்ப அது என்னைய மாதிரி ஆளுன்னு சொல்லு மாப்ள."

"ஆமாங் மாமா, அப்படித்தானுங்."

"கூப்புட்டா போகாம இருக்க முடியுமா? அடிபட்டு நிக்கறவன்கிட்ட ஆர்.சி. புக்கக் காட்டுன்னா கேப்பாங்க?"

எனக்கு இந்த ஒரு கேள்விக்கு மேல எந்தப் பேப்பரும் அவ்வளவு தெளிவாச் சொன்னதாத் தெரியல. கட்டி வளரறப்ப பக்கத்துல இருக்கற தசைய அரிக்கும், நரம்ப நசுக்கும், வீக்கம் வரும், கெமிக்கல் சிந்தும். ஷ்வான் செல்லுக்கு அது அடிபட்ட எடம் மாதிரியேதான் தெரியுது. அது ஓடி வருது.

ஓடி வருதுன்னு சும்மா சொல்லல. ஜெர்மனியில மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியில இஹ்சான் எகின் டெமிர்னு ஒரு சர்ஜனோட குழு கணைய கேன்சர்ல இதப் பாத்தாங்க. கேன்சர் நரம்பத் தேடிப் போறதுக்கு முன்னாடியே ஷ்வான் செல்லு நரம்ப விட்டு எறங்கி கேன்சரத் தேடி வருது, இன்னும் முழுசா கேன்சர் ஆகாத ஆரம்பப் புள்ளிகள்லயே அதச் சுத்தி ஷ்வான் செல்லு நிக்குதுன்னு 2014ல எழுதுனாங்க. அப்புறம் 2017ல இன்னொண்ணு, இதப் படிச்சு கொஞ்ச நேரம் போன கீழ வெச்சுட்டேன்: அந்த ஆரம்பப் புள்ளி விடற ஒரு கெமிக்கல மோந்துட்டு வர்ற ஷ்வான் செல்லுங்க, வலிக்கான சிக்னல அடக்கிருது. கணைய கேன்சர் ஏன் முத்துற வரைக்கும் சத்தமே போடாம இருக்குதுங்கறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு அவங்க சொல்றாங்க. உதவிக்கு வந்தவன் அலாரத்தையும் அமத்தி வெச்சுட்டான்.

கேன்சருக்கும் நரம்புக்கும் இருக்கற இந்த இழுப்பு புதுசாத் தெரிஞ்சாலும் இதோட ஒரு பழைய தடயம் ஒரு முட்டைக்குள்ள கெடச்சது, நாமக்கல்காரன் நான் அதச் சொல்லாம போக முடியாது. இத்தாலியில ரீட்டா லெவி மொந்தால்சினி. யூதப் பொண்ணுங்கறதால 1938ல முசோலினி போட்ட சட்டத்துல வேலை போச்சு, பெட்ரூம்லயே லேப் வெச்சு கோழி முட்டைக் கருவுல நரம்பு எப்படி வளருதுன்னு பாத்துட்டு இருந்தாங்க. போர் முடிஞ்சு அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் போனப்ப, எலியோட கேன்சர் கட்டியில ஒரு துண்ட கோழிக் கருவுல ஒட்ட வெச்சா, கருவோட நரம்பெல்லாம் வெறி புடிச்ச மாதிரி கட்டிக்குள்ள பாயறதப் பாத்தாங்க. 1952ல கட்டி இருக்கற எலியக் கூடவே எடுத்துட்டு ரியோ டி ஜெனீரோவுக்குப் பறந்து போயி, அங்க ஒரு கண்ணாடித் தட்டுல நரம்பு முடிச்சையும் கட்டித் துண்டையும் பக்கத்துல வெச்சாங்க, ஒரு நாளைக்குள்ள நரம்பு சூரியனச் சுத்தி ஒளி தெரியற மாதிரி விரிஞ்சிருச்சு. கட்டி எதையோ சொரக்குது. அந்த ‘எதையோ’தான் என்.ஜி.எஃப்., நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986ல நோபல். அந்தம்மா 103 வயசு வரைக்கும் இருந்தாங்க. அதே என்.ஜி.எஃப்.ப கேன்சரும் சொரக்குது, ரிப்பேர் டிரெஸ்ஸுல இருக்கற ஷ்வான் செல்லும் சொரக்குது, மியூனிக் ஆளுங்க பாத்தப்ப ஷ்வான் செல்லக் கேன்சர் பக்கம் இழுத்ததுலயும் இதுக்குப் பங்கு இருந்துச்சு. அப்ப இத அடைச்சா ஆச்சேன்னு தோணுமில்ல? என்.ஜி.எஃப்.ப அடைக்கற டானெசுமாப்னு ஒரு ஊசிய மூட்டு வலிக்குன்னு பெரிய கம்பெனிங்க வருஷக்கணக்கா சோதிச்சாங்க. வலி கொறஞ்சது, ஆனா சிலருக்கு மூட்டு வேகமா அரிச்சுப் போச்சு, 2021ல அமெரிக்க அரசோட ஆலோசனைக் குழு 19க்கு 1னு வேண்டாம்னு ஓட்டுப் போட்டுருச்சு. நல்ல வேலையும் பாக்கற ஒருத்தன மொத்தமா அடைச்சா வேற எங்கயோ ஒடையும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். இப்போதைக்கு ஏழாவது வரிக்கு ஆஸ்பத்திரியில இருக்கற பதில் வெட்டறதும் கரண்ட் வெக்கறதும்தான். பெரிய நரம்புல ஏறியிருந்தா, அந்த நரம்பு மண்டை ஓட்டுக்குள்ள போற ஓட்டை வரைக்கும் சேத்து ரேடியேஷன் பிளான் போடுவாங்க. மாமாவுக்கு அவ்வளவு மேல போகல.

கணையத்துக்கு வேற ஒண்ணு இருக்கு. வலி தாங்க முடியாதவங்களுக்கு முதுகெலும்புக்கு முன்னால இருக்கற நரம்புக் கூட்டத்துல ஆல்கஹால் ஊசி போட்டு நரம்ப மரத்துப்போக வெப்பாங்க. 1993ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 137 பேருக்கு ஆபரேஷன் நடக்கறப்பவே பாதிப் பேருக்கு ஆல்கஹாலும் மீதிப் பேருக்கு உப்புத்தண்ணியும் போட்டுப் பாத்தாங்க. வலி கொறஞ்சது எதிர்பாத்ததுதான், ஆனா ஏற்கனவே வலியோட வந்தவங்கள்ல ஆல்கஹால் போட்டவங்க கூடுதல் நாள் இருந்தாங்க. அடடான்னு நிமிந்து உக்காந்தா, 2004ல மேயோ கிளினிக் 100 பேருகிட்ட பண்ணதுல வலி கொறஞ்சுது, ஆயுசு கூடல. இப்படித்தான் இந்தத் துறை, ஒரு அடி முன்னால, முக்கா அடி பின்னால.

ப்ரோப்ரனலால் கதையும் இருக்கு. கை நடுக்கத்துக்கும் ஒத்தைத் தலைவலிக்கும் குடுக்கற பழைய மாத்திரை, நரம்பு விடற அட்ரீனலின் வகைச் சேதி செல்லுக்குள்ள போகாம தடுக்கும். மார்பு கேன்சர் ஆபரேஷனுக்கு முன்னாடி ஏழு நாள் இதக் குடுத்து 60 பொம்பளைங்ககிட்ட ஆஸ்திரேலியாவுல சோதிச்சதுல, பரவுற குணத்துக்கான அடையாளங்க கட்டியில கொறஞ்சிருந்துச்சுன்னு 2020ல போட்டாங்க. கொறஞ்சது அடையாளம், ஆளு எத்தனை நாள் இருந்தாங்கன்னு அதுல பாக்கல. எங்க சொந்தத்துல ஒருத்தரு இத எங்கயோ படிச்சுட்டு வாட்ஸாப்புல ‘அஞ்சு ரூவா மாத்திரையில கேன்சர் காலி’ன்னு போட்டுட்டாரு. மாமாவுக்கு வீசிங் உண்டு, அவரு அத வாங்கிப் போட்டிருந்தா மூச்சு அடைச்சிருக்கும். குரூப்ல சண்டை போட்டு வெளிய வந்தவன் நான், இன்னும் திரும்ப சேக்கல.

என்னைய ரொம்ப யோசிக்க வெச்சது 2025ல நேச்சர் இதழ்ல வந்த ஒண்ணு. ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டர், மோரன் அமித்தோட குழு. இப்ப இம்யூனோதெரபின்னு விலை ஜாஸ்தியா ஒரு மருந்து வருதில்ல, நம்ம நோய் எதிர்ப்புச் செல்லோட பிரேக்க எடுத்து விட்டு கேன்சரத் தாக்க வெக்கறது, அது சிலருக்கு அற்புதமா வேலை செய்யுது சிலருக்கு சுத்தமா செய்யறதில்ல. தோல்ல வர்ற ஒரு வகை கேன்சர்ல இந்த மருந்து கேக்காதவங்களோட கட்டிய எடுத்துப் பாத்தா, நரம்புக்குள்ள கேன்சர் ஏறியிருக்கறது அதிகமா இருந்துச்சு. கேன்சர் செல்லு ஷ்வான் செல்லு சுத்தி வெச்ச அந்த இன்சுலேஷன அரிக்குது. இன்சுலேஷன் போனதும் நரம்பு ‘எனக்கு அடிபட்டுருச்சு’ன்னு கத்துது, இன்டர்லூக்கின் 6 மாதிரியான அழற்சிப் பொருளு கொட்டுது. சாதாரண காயம்னா அந்த அழற்சி நரம்ப ஆத்திட்டு அடங்கிரும். இங்க காயம் நிக்கறதே இல்ல, அரிச்சுக்கிட்டே இருக்கு, அழற்சி நாள்பட்டுப் போயி, கடைசியில அந்த எடத்துக்கு வர்ற எதிர்ப்புச் செல்லுங்க சோந்து போகுது. பிரேக்க எடுத்து விட்டு என்ன, டயருல காத்தே இல்லையே.

எலியில இந்தச் சங்கிலிய எந்த எடத்துல அறுத்தாலும் மருந்து திரும்ப வேலை செஞ்சிருக்கு: கட்டிக்குப் போற நரம்ப வெட்டுனாலும் சரி, நரம்புக்குள்ள ‘அடிபட்டேன்’னு சொல்ற ஜீன எடுத்தாலும் சரி, இன்டர்லூக்கின் 6 வாங்குற கதவ அடைச்சாலும் சரி. அந்தக் கதவ அடைக்கற மருந்து நமக்குப் புதுசு இல்ல, 2021ல கொரோனா ரெண்டாவது அலையில டோசிலிசுமாப்னு ஒரு ஊசியத் தேடி ஊரு ஊரா போன் போட்டோமே, அது அந்த வகைதான். எலிக்கு ஆனது மனுஷனுக்கு அப்படியே ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஏழாவது வரிங்கறது ‘எவ்வளவு பரவிருக்கு’ன்னு மட்டும் சொல்ற வரி இல்ல, ‘எந்த மருந்து கேக்கும்’னு சொல்ற வரியாவும் ஆகப்போகுதுன்னு அதப் படிச்சப்பதான் உறைச்சுது.

இதுல ஒரு கொடுமை பாக்கி இருக்கு. மாமாவுக்கு வாரா வாரம் ஏத்துன மருந்து சிஸ்பிளாட்டின். ஆறு தடவை. முடிச்சு வீட்டுக்கு வந்து, வாய்ப்புண்ணு ஆறி, தயிர் சாதத்துல இருந்து இட்லிக்கு வந்து, எல்லாரும் மூச்சு விட்ட நேரத்துல அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பிச்சுது. ஏற்கனவே சுகரு வேற. மருந்த நிறுத்தி ஒன்றரை மாசம் ஆச்சு, இனி ஏன் ஏறணும்னு எனக்குப் புரியல, கேட்டா இந்த மருந்து அப்படித்தானாம், நிறுத்துன பின்னாடியும் சில மாசம் மரமரப்பு கூடிக்கிட்டே போகுமாம், அப்புறந்தான் நிக்குமாம். முதுகெலும்பு ஓரத்துல இருக்கற உணர்ச்சி நரம்பு முடிச்சுங்களுக்கு ரத்தத்துல இருந்து காப்பாத்தற வேலி சரியாக் கெடையாது, மருந்து அங்க போயித் தங்கிருது. அதுக்கு மேல, 2017ல ஜப்பான்ல லேப்ல ஷ்வான் செல்ல வளத்துப் பாத்தப்ப, சிஸ்பிளாட்டின் அதோட மைட்டோகாண்ட்ரியாவக் கெடுக்குது, பாக்ளிடாக்சல்னு இன்னொரு கீமோ அத ஆள் மாறி முதிராத நெலைக்கே திருப்பி அனுப்புது. கட்டிக்கு வழி காட்டுன செல்லு ஒரு பக்கம் கெடக்க, வெரல் நுனியில ஒரு தப்பும் பண்ணாம சட்டை பட்டனத் தடவிட்டு இருந்த செல்லு அடி வாங்குது.

பட்டன்தான் மொதல்ல போச்சு. மாமா கண்ணாடி முன்னால நின்னு மேல் பட்டனப் போடறதுக்கு பத்து நிமிஷம் ஆகும், வெரலுக்குள்ள பட்டன் இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியாது, கண்ணால பாத்துத்தான் போடணும், கழுத்துப் பட்டனக் கண்ணால பாக்க முடியாது. அத்தை போட்டு விடறேன்னா கோவம் வரும். ஒரு நாள் காலையில பால் வாங்கிட்டு வந்தவரு வாசல்ல வந்து நின்னாரு, வலது கால்ல செருப்பு இருக்கு, இடது கால்ல இல்ல. தெருமுனையில கழண்டிருக்கு. அவருக்குத் தெரியல. கீழ பாத்துட்டு ஒண்ணும் பேசாம அப்படியே திண்ணையில உக்காந்துட்டாரு. நாக்குல பாதி எடுத்தப்பக்கூட அந்த மொகத்த நான் பாக்கல.

செருப்பு கழண்டது தெரியாத காலப்பத்தி வேலூர்ல ஒருத்தரு நெறைய பாத்திருக்காரு. பால் பிராண்ட், 1914ல பொறந்து நம்ம கொல்லிமலையில வளந்த வெள்ளைக்காரரு, மிஷனரி வீட்டுப் புள்ள. சி.எம்.சி.யில சர்ஜனா வந்து தொழுநோயாளிங்க மடங்குன வெரலுங்கள ஆபரேஷன் பண்ணி நிமித்துனவரு. தொழுநோய்ல வெரலு அழுகி விழுகுதுன்னு ஊரே நம்புன காலத்துல, இல்லடா, வலி தெரியாததால அவங்களே அறியாம சுட்டுக்கறாங்க, இடிச்சுக்கறாங்க, ராத்திரி எலி கடிச்சாக்கூடத் தெரியலன்னு காட்டுனாரு. அந்த நோயோட பாக்டீரியா குடியேற நரம்புல தேர்ந்தெடுக்கற எடம் எது தெரியுமா? இதே ஷ்வான் செல்லு. 2013ல எடின்பர்க்ல எலியில காட்டுனாங்க, அந்தக் கிருமி ஷ்வான் செல்லப் பழைய குழந்தைப் பருவத்துக்கே திருப்பிட்டு, அது மேல சவாரி பண்ணி உடம்புல வேற எடத்துக்குப் பரவுதுன்னு. ஆள் மாறத் தயாரா இருக்கறவன ஆளாளுக்குப் பயன்படுத்திக்கறாங்க, கிருமியும் சரி, கேன்சரும் சரி.

தொழுநோய் ஆஸ்பத்திரிங்கள்ல சொல்லிக் குடுக்கற பாடத்தையே நான் மாமாவுக்கு ஓட்டுனேன், தொழுநோய்னு பேர மட்டும் சொல்லல. குளிக்கற தண்ணிய கையால தொட்டுப் பாக்காதீங்க, முழங்கையால பாருங்க. ராத்திரி படுக்கறப்ப ரெண்டு பாதத்தையும் கண்ணாடி வெச்சு அடியில பாருங்க. ஹவாய் செருப்ப விட்டுட்டு பின்னால வார் இருக்கறது வாங்குங்க. மத்தது எல்லாம் கேட்டாரு, செருப்பு மட்டும் கேக்கல, வார் போட்ட செருப்பு போலீஸ்காரன் மாதிரி இருக்குதாம்.

போன மாசம் ரெண்டாம் வருஷ செக்கப். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. டாக்டரு ஒரு டியூனிங் ஃபோர்க்கத் தட்டி கணுக்கால் எலும்புல வெச்சு "அதிருதுங்களா"ன்னாரு. மாமா கண்ண மூடிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு.

"அதிருதுன்னு சொன்னா சந்தோசப்படுவீங்களா?"

டாக்டரு சிரிச்சுட்டு வெரல் பக்கம் நகத்தி வெச்சாரு, அங்க சுத்தமா இல்ல. மறுபடி கணுக்காலுக்குக் கொண்டு வந்தாரு. இந்தத் தடவை மாமா கண்ணத் தொறந்து, "லேசா. தூரத்துல லாரி வர்ற மாதிரி"ன்னாரு. வெளிய வந்தப்ப அவரு படியில நின்னு மொதல்ல இடது காலைப் பாத்தாரு, அப்புறம் வலது கால், ரெண்டுலயும் செருப்பு இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் எறங்குனாரு.